ஒரு வண்டி, இரண்டு வாக்கு

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் அக்கா தம்பி வீட்டுக் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாள் அல்லவா, அந்தக் கதவின் தாழ்ப்பாள் இன்னும் சரியாக விழவில்லை.

அக்காவை வில்லி ஆக்கிவிடாதீர்கள் என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். தம்பி மனைவிக்கு இவ்வளவு வாய் ஆகாது என்று வேறு சிலர். நான் யாரையும் எதுவும் ஆக்கவில்லை. அவரவர் தாமாகவே ஆகிக்கொண்டிருக்கிறார்கள், நான் பக்கத்தில் நின்று எழுதுகிறேன்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. அக்கா லாரி புரோக்கர். நெடுஞ்சாலை ஓரத்தில், லாரிகளை நிறுத்தி எடை போடும் எடைமேடையை ஒட்டின ஒற்றை அறைதான் அவள் ஆபீஸ். சரக்கு வைத்திருப்பவருக்கு லாரி பிடித்துக் கொடுப்பாள், லாரி வைத்திருப்பவருக்குச் சரக்கு பிடித்துக் கொடுப்பாள். தம்பியிடம் இருப்பது ஒரே ஒரு லாரி. அவனேதான் ஓட்டுகிறான். இத்தனை வருஷமாக அந்த லாரிக்கு லோடு என்றால் அக்கா சொன்னதுதான்.

தம்பியின் மனைவி, வீட்டு முன்னறையில் பெரிய மெஷின் போட்டு லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கிறவள். அவள்தான் கொஞ்ச நாளைக்கு முன்னால் தன் செல்போனில் ஒரு லோடு ஆப்பை இறக்கி, புருஷனின் லாரியை அதில் பதிந்து வைத்தாள். எங்கெங்கே என்ன சரக்கு, வாடகை எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரிகிற மாதிரி அதில் வரும். பிடித்திருந்தால் ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். யார் மேஜைக்கு முன்னாலும் போய் நிற்க வேண்டாம்.

சண்டை அதில்தான் கிளம்பியது. "ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் தூர லோடு, சொந்தத் தம்பிக்கு மட்டும் சில்லறை லோடா?" என்று மனைவி கேட்டாள். அக்கா பதில் சொல்லாமல் கதவை அறைந்தாள். பதில் இல்லாமல் இல்லை. அது இன்றைக்குத்தான் வெளியே வருகிறது.

*

காலையில் தம்பி லாரியின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தான். எட்டி நின்று பார்த்தான், மறுபடியும் துணியை நனைத்தான்.

மனைவி போனும் கையுமாக வந்தாள்.

"என்னங்க, பேப்பர் மில்லுல இருந்து ஒரு லோடு. வாடகையைப் பாருங்களேன்! இறக்கற இடத்துலயே ரிட்டன் லோடும் காட்டுது. காலி வண்டியை உருட்டிட்டு வர வேண்டாம். எடுத்துக்கட்டுமா?"

"சரி."

லாரிக்காரர்கள் மத்தியில் அவனுக்குப் பெயரே 'சரி'தான். இவனுக்கு இல்லை என்று சொல்ல வாய் வராது. கடன் கேட்டாலும் சரி, கல்யாணத்துக்கு வண்டி கேட்டாலும் சரி. பொண்ணு பார்க்கப் போன அன்றைக்குக்கூட, பெண் என்ன சொன்னாள் என்று கேட்காமலேயே இவன் சரி என்று தலையாட்டினான் என்று அக்கா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

மனைவி பொத்தானை அமுக்கினாள். அவளாகப் பிடித்த முதல் லோடு. முகமெல்லாம் சிரிப்பாக அவள் மெஷினுக்குத் திரும்பினாள்.

கிட்டத்தட்ட அதே நேரத்தில் எடைமேடை ஆபீஸில் அக்கா தன் டீ கிளாஸைக் கவிழ்த்தாள்.

இந்தக் கிளாஸ் விவகாரத்தைச் சொல்லியாக வேண்டும். ஒரு லோடுக்கு வாக்குக் கொடுத்துவிட்டால் அக்கா குடித்து முடித்த கிளாஸை மேஜைமேல் கவிழ்த்து வைப்பாள். கவிழ்த்தாயிற்று என்றால் அந்த லோடு போயாச்சு. அதற்குப் பிறகு யார் கூடுதலாகக் கொடுத்தாலும், யார் காலில் விழுந்தாலும் பேச்சுக் கிடையாது. டிரைவர்கள் உள்ளே நுழைந்ததும் அவள் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், மேஜையைத்தான் பார்ப்பார்கள்.

அன்றைக்குப் போனில் பேசியது பெஞ்சுப் பட்டறைக்காரர். அக்கா இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அவளை நம்பிச் சரக்கு அனுப்புகிறவர். புதுப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் பெஞ்சும் டெஸ்க்கும் போக வேண்டும். மறுநாள் பிள்ளைகள் வந்துவிடுவார்கள்.

"என் தம்பி வண்டி வரும்" என்று சொல்லிக் கிளாஸைக் கவிழ்த்தாள்.

தம்பியிடம் கேட்டாளா? இல்லை. எப்போதும் கேட்டதில்லை. வாக்கு முதலில், தம்பிக்குப் போன் அப்புறம்தான்.

போன் அடித்தது. தம்பி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தான்.

"டேய், பட்டறையில பெஞ்சு லோடு. சாப்பிட்டுட்டு நேரா போயிடு. சாயங்காலத்துக்குள்ள இறக்கிட்டுத் திரும்பிடலாம்."

"சரிக்கா."

உள்ளே மெஷின் சத்தம் நின்றது. மனைவி வாசலுக்கு வந்தாள்.

"யாரு?"

"அக்கா."

"என்னவாம்?"

"லோடாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னேன்."

"எனக்கு என்ன சொன்னீங்க?"

அவன் வாளியைப் பார்த்தான். "சரின்னுதான்."

சிரிக்கிற விஷயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவன் நின்ற நிலையைப் பார்த்திருந்தால் உங்களுக்குச் சிரிப்பு வந்திருக்காது. ஒரு வண்டி, இரண்டு வாக்கு. ஆப்பில் எடுத்த முதல் லோடையே ரத்து செய்தால் சிவப்புப் புள்ளி விழும், அப்புறம் நல்ல லோடெல்லாம் மற்றவர்கள் எடுத்த பிறகுதான் இவர்கள் கண்ணில் படும். பட்டறைக்கு வண்டி போகாவிட்டால் அக்காவின் கிளாஸுக்கு மரியாதை இல்லை.

அது வெளியே தெரிகிற கணக்கு. உள்ளே வேறு. அக்காவின் லோடை விட்டால், இவனுக்கும் அக்காவுக்கும் தினமும் ஒரு போனாக ஓடிக்கொண்டிருந்த உறவு நின்றுவிடும். மனைவியின் லோடை விட்டால், அவள் சொல்லுக்கு இந்த வீட்டில் இடமில்லை என்று ஆகிவிடும். எதை விடுவது?

"கிளம்புங்க" என்றாள் மனைவி. "அங்கேயே போய் நேருக்கு நேரா பேசிடலாம்."

"சரி" என்று சொல்ல வந்தவன் சொல்லாமல் சாவியை எடுத்தான்.

*

எடைமேடை ஆபீஸில் இரண்டு டிரைவர்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். மனைவி வந்த வேகத்தைப் பார்த்ததும் இருவருக்கும் வெளியே வேலை இருப்பது ஞாபகம் வந்தது. ஆனாலும் ஜன்னலைத் தாண்டி அதிக தூரம் போகவில்லை.

"வா" என்றாள் அக்கா. உட்காரச் சொல்லவில்லை.

"அண்ணி, அவரைக் கேக்காம எப்படி வாக்குக் கொடுத்தீங்க?"

"என் தம்பி வண்டிக்கு நான் யாரைக் கேக்கணும்?"

"ஓட்டறவரைக் கேக்கணும்."

"நீ கேட்டியா?"

"கேட்டேன். சரின்னார்."

"எனக்கும்தான் சரின்னான்."

இருவரும் ஒரே சமயத்தில் திரும்பி அவனைப் பார்த்தார்கள். அவன் வெளியே எடைமேடையில் ஏறிக்கொண்டிருந்த செங்கல் லாரியை, இதற்கு முன் லாரியே பார்க்காதவன் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த ஆப்புல சரக்குப் போடறவன் மூஞ்சி உனக்குத் தெரியுமா?" என்றாள் அக்கா. "இறக்கற இடத்துல நாள் கணக்கா நிக்க வெச்சான்னா யாரைப் போய்க் கேப்ப? போன் பொத்தான்கிட்டயா? இங்க ஒரு பார்ட்டி வாடகை பாக்கி வெச்சா நான் அவன் வீட்டு வாசல்ல போய் உக்காருவேன். பேரே ஆப்பு. அது வேற என்னத்த வைக்கும்?"

வெளியே ஒரு டிரைவர் சிரித்து, இருமலாக மாற்றிக்கொண்டார்.

"மூஞ்சி தெரியாதுதான். ஆனா வாடகை தெரியுது அண்ணி. உங்ககிட்ட என்ன தெரியுது? பார்ட்டி என்ன கொடுக்கறார், எந்த லோடு யாருக்குப் போகுது, எல்லாமே உங்க வாய்க்குள்ளதானே இருக்கு."

"தம்பிகிட்ட நான் ஒரு நாளும் கமிஷன் பிடிச்சதில்ல."

"தெரியும். அதனாலதான் எங்களால வாயைத் திறந்து கேக்க முடியல. கமிஷன் கொடுத்திருந்தா, நல்ல லோடு எங்கன்னு சண்டை போட்டிருப்பேன். சும்மா கொடுக்கறவங்ககிட்ட என்னன்னு சண்டை போடறது?"

அக்காவுக்கு அது எங்கேயோ ஆழமாகப் பட்டது. பட்ட இடத்தை அவள் காட்டிக்கொள்ளவில்லை. காட்டிக்கொள்கிற ரகம் இல்லை அவள். அப்பா போன பிறகு தம்பியை வளர்த்ததும், லாரி வாங்க அலைந்ததும், ஆண்கள் மட்டுமே உட்கார்ந்திருந்த இந்த எடைமேடையில் மேஜை போட்டதும் எல்லாம் இப்படி எதையும் காட்டிக்கொள்ளாமல் செய்ததுதான். ஆனால் பழக்கம் என்பது ஓர் அளவுக்குத்தான் உதவும்.

அவள் கவிழ்த்த கிளாஸைக் கையில் எடுத்து நிமிர்த்தினாள்.

ஜன்னலுக்கு வெளியே இருமல் சத்தம்கூட நின்றுபோனது. கவிழ்த்த கிளாஸை அக்கா நிமிர்த்தி அந்த வட்டாரத்தில் யாரும் பார்த்ததில்லை.

"போடா" என்றாள். "உன் பொண்டாட்டி பிடிச்ச லோடுக்கே போ. பட்டறைக்காரர்கிட்ட நான் பேசிக்கறேன்."

ஜெயித்துவிட்டோம் என்று மனைவிக்குத் தோன்றவில்லை. என்னவோ உடைந்த மாதிரிதான் இருந்தது. அதை மறைக்க அவள் போனைப் பார்த்தாள். மில்லிலிருந்து செய்தி வந்திருந்தது.

"சாயங்காலம் லோடு ஏத்தறாங்களாம். பகல்ல சிட்டிக்குள்ள லாரியை விட மாட்டாங்க. ராத்திரி ஓட்டி, விடியறதுக்குள்ள இறக்கிடணும்."

"ராத்திரியா?" என்றாள் அக்கா.

"ஆமா. அதனாலதான் நல்ல வாடகை."

அக்கா தம்பியைப் பார்த்தாள். தம்பி லேசாகத் தலையை அசைத்தான், சொல்லாதே என்கிற மாதிரி. அக்காவின் கை ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. பிறகு கிளாஸை மறுபடியும் மேஜைமேல் கவிழ்த்தாள். சத்தம் கொஞ்சம் பலமாகவே கேட்டது.

"அவன் போகமாட்டான்."

"இப்பதானே போன்னு சொன்னீங்க?"

"அக்கா..." என்றான் தம்பி.

"வாயை மூடுடா. இதுக்கு மேல என்னால முடியாது." அக்கா மனைவியைப் பார்த்துச் சொன்னாள். "அவனுக்கு ராத்திரியில கண்ணு தெரியறதில்ல. எதிர்ல லைட் வந்தா மொத்தமும் வெள்ளையாயிடுதாம். அதனாலதான் சில்லறை லோடு. பொழுது சாயறதுக்குள்ள முடியற லோடாப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்துட்டிருக்கேன். போதுமா?"

*

மனைவி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

கண் தெரியவில்லை என்பது முதலில் அவள் காதில் விழவேயில்லை. அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை என்பதுதான் விழுந்தது. கூடவே படுத்து எழுந்திருக்கிறவள் அவள். சாயங்காலமானால் வீட்டில் அவன் எல்லா விளக்கையும் போட்டுவிடுவதை, தட்டைத் தடவி எடுப்பதை, கண்ணாடியை ஓயாமல் துடைப்பதை எல்லாம் பார்த்தவள். பார்த்தும் பார்க்காமல் விட்டிருக்கிறாள்.

இரண்டாவதாகத்தான் பயம் வந்தது. பயத்தோடு கோபமும் சேர்ந்து வந்தது.

"அண்ணி, கண்ணு சரியில்லன்னா கண்ணைத்தானே பார்க்கணும்? நீங்க லோடைப் பார்த்திருக்கீங்க!"

அக்கா தம்பி பக்கம் கையை நீட்டினாள். "டாக்டர்கிட்ட போடான்னு சொல்லிட்டேதான் இருக்கேன்."

"அதுக்கு இவர் என்ன சொன்னார்?"

"சரின்னான்."

மனைவி சிரித்தாள். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. போனை எடுத்து, ஆப்பில் வண்டியைப் பதிந்தபோது தான் நிரப்பிய பக்கத்தைத் தேடித் திறந்தாள். வண்டி எப்போது ஓடும் என்று அதில் கேட்டிருந்தார்கள். பகல் மட்டும், இரவு மட்டும், எந்த நேரமும். 'எந்த நேரமும்' என்பதில் அவளேதான் குறி போட்டிருந்தாள். அன்றைக்கு அவன் பக்கத்து அறையில்தான் இருந்தான். ஒரு குரல் கொடுத்துக் கேட்டிருக்கலாம்.

அக்கா கேட்காமல் கிளாஸைக் கவிழ்த்தாள், இவள் கேட்காமல் குறி போட்டாள். இதில் யாருக்கு யார் மேல் குறை சொல்ல யோக்கியதை இருக்கிறது? எனக்குத் தெரியவில்லை, நீங்களே சொல்லுங்கள்.

"போனைக் கொடு" என்றான் தம்பி.

இரண்டு பெண்களும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். அவன் அங்கே நிற்பதையே மறந்திருந்தார்கள்.

மில்லில் லோடிங் பார்க்கிறவர் நம்பரை அவனே அழுத்தினான். சாலையில் எத்தனையோ பார்த்தவனுக்கு, முடியாது என்று ஒரு வார்த்தை சொல்ல வியர்த்துக் கொட்டியது.

"ஐயா, இன்னிக்குப் பேப்பர் ரோலுக்கு எடுத்த வண்டி எங்களோடது... இல்லங்க, கிளம்பல. நான் வரலைங்க. ராத்திரி ஓட்டறதுக்கு எனக்குக் கண்ணு சரியில்ல. முன்னாடியே சொல்லியிருக்கணும். தப்பு என்னோடதுதான்."

அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்கள்.

"போடுங்க. பரவாயில்ல" என்று போனை வைத்தான்.

"என்னவாம்?" என்றாள் அக்கா.

"காலையிலயே சொன்னதால வேற வண்டி பிடிச்சிடலாமாம். ஆனா கேன்சல் போட்டுத்தான் ஆகணுமாம்."

மனைவியின் கைக்குப் போன் திரும்பியபோது அதில் சிவப்புப் புள்ளி விழுந்திருந்தது. அவளாகப் பிடித்த முதல் லோடு. வருத்தம் இல்லாமல் இருக்குமா? இருந்தது. ஆனால் அவன் தன் வாயால் ஒரு உண்மையைச் சொல்லி அவள் கேட்டது அன்றைக்குத்தான். அதற்கு ஒரு சிவப்புப் புள்ளி அதிக விலை என்று அவளுக்குத் தோன்றவில்லை.

"பட்டறைக்கு நேரமாச்சு" என்றாள் அக்கா மெதுவாக. அதிகாரமாகச் சொல்லவில்லை. "போறியாடா?"

அந்தக் கேள்விக்குறி புதிது.

"போறேன்க்கா. பகல்தானே."

மனைவி அவனுக்கு முன்னால் போய் லாரியின் இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள்.

"நீ எங்க?" என்றாள் அக்கா.

"அவர்கூட."

அக்கா தன் மேஜையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து வந்து லாரி ஜன்னல் வழியாக நீட்டினாள். மனைவி வாங்கிக்கொண்டாள்.

*

பெஞ்சுகள் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தன. வார்னிஷ் வாசனை போகாத டெஸ்க்குகள்மேல் மனைவி தான் தைத்த தார்ப்பாயைத் தானே இழுத்துக் கட்டினாள், பள்ளிக்கூடத்தில் தானே அவிழ்த்தாள். கையெழுத்து வாங்கித் திரும்பும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. இறக்க ஆள் வரத் தாமதம். அக்காவின் லோடிலும் தாமதம் வரத்தான் செய்கிறது என்று இன்னொரு நாளாக இருந்தால் அவள் குத்திக் காட்டியிருப்பாள்.

திரும்பும் வழியில் அவள்தான் கேட்டாள்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

அவன் சாலையைப் பார்த்தபடி சொன்னான். "உன்கிட்ட சொன்னா வண்டியை நிறுத்திடுவ. அக்காகிட்ட சொன்னா லோடை மாத்துவா."

"நிறுத்தறவ வேண்டாதவளாயிட்டாளா?"

"இல்லம்மா. நிறுத்தறவதான் சரி. அது தெரிஞ்சதாலதான் சொல்லல."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுகை வந்தது. அவன் இடது கையை கியரிலிருந்து எடுத்து அவள் கைமேல் ஒரு தரம் வைத்துவிட்டு மறுபடி கியருக்குக் கொண்டுபோனான்.

"ஒரு தடவை, விளக்கில்லாம ஒரு டிராக்டர் நின்னுட்டிருந்தது. பக்கத்துல போற வரைக்கும் தெரியல. அதுல யாரும் இல்ல. இருந்திருந்தா...?" அவன் முடிக்கவில்லை. "அன்னிக்கு நேரா அக்கா ஆபீஸுக்குத்தான் போனேன். வீட்டுக்கு வந்தா நீ மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடிச்சிடுவ."

"நான் எங்க கண்டுபிடிச்சேன்" என்றாள் அவள். "என் பங்குக்கு நானும் பார்க்காமத்தானே இருந்தேன்."

வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. எதிரே வந்த ஒரு பஸ் விளக்கைப் போட்டதும் அவன் தோள் இறுகுவதை அவள் பார்த்தாள். இவ்வளவு நாளும் எத்தனை சாயங்காலம் இப்படித் தனியாக இறுகியிருப்பான் என்று நினைத்தாள். அவளால் அதற்கு மேல் நினைக்க முடியவில்லை.

அவன் லாரியைச் சாலையோரத்துப் பெட்ரோல் பங்க்குக்குள் திருப்பி, சுவர் ஓரமாக நிறுத்தினான்.

"இதுக்கு மேல வேண்டாம்" என்றான். தயங்காமல் சொன்னான். காலையில் ஒரு தடவை சொல்லிப் பார்த்ததில் வாய் பழகியிருந்தது.

அவள் போன் அடித்தது. அக்கா. அக்கா அவள் நம்பருக்குக் கூப்பிட்டதே கிடையாது. எதுவானாலும் தம்பிக்குத்தான் கூப்பிடுவாள். மனைவி எடுத்து, இருவருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள்.

"பங்க்லதானே நிக்கிறீங்க? எப்பவும் இருட்டிட்டா அவன் அங்கதான் நிப்பான். நம்ம டிரைவர் ஒருத்தரை பைக்ல அனுப்பியிருக்கேன். வண்டியை அவர் ஓட்டிட்டு வருவார்."

இந்த பங்க்கும் அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. மறுபடியும் நெஞ்சில் ஒரு சின்ன முள். ஆனால் இந்தத் தடவை கூடவே நன்றியும் வந்தது. இரண்டும் ஒன்றாக வரும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

"சரிங்க அண்ணி."

அக்கா உடனே வைத்துவிடவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். பிறகு, ஊரிலிருக்கும் எல்லா லாரிக்காரர்களிடமும் கேட்டு, இந்த ஒரு லாரிக்கு மட்டும் எப்போதும் கேட்காமல் இருந்ததைக் கேட்டாள்.

"நாளைக்கு வண்டி இருக்கா?"

மனைவி புருஷனைப் பார்த்தாள். கேள்வி அவனுக்கு.

"இல்லக்கா" என்றான் அவன். "நாளைக்கு வண்டி இல்ல. கண் ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

மனைவி ஆப்பைத் திறந்து, 'வண்டி தயார்' என்றிருந்ததை அணைத்தாள். அவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு ஸ்டியரிங்கில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டான்.

"உங்ககிட்ட இன்னொண்ணு சொல்லணும். ரெண்டு பேர்கிட்டயும்தான். நான் ஏற்கெனவே ஒரு தடவை போயிட்டு வந்துட்டேன்."

"எங்க?"

"ஆஸ்பத்திரிக்கு. தனியா."



"டாக்டர் என்ன சொன்னார்?" என்றாள் மனைவி.

"ரெண்டு கண்ணுலயும் ஆபரேஷன் பண்ணணும்னார். தள்ளிப் போடக் கூடாதுன்னார். வீட்டுல யாராவது ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க, கையெழுத்துப் போடணும்னார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னேன்."

"அப்புறம் ஏன் போகல?"

அவன் நிமிரவில்லை. "யாராவது ஒருத்தரைன்னு சொன்னாரே. உன்னைக் கூட்டிட்டுப் போனா, என்னை விட்டுட்டுப் போனான்னு அக்கா உடைஞ்சிடுவா. அக்காவைக் கூட்டிட்டுப் போனா, நான் யாருன்னு நீ கேப்ப. யாரைன்னு யோசிச்சேன். யோசிச்சிட்டே இருந்துட்டேன்."

பங்க்கின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. அந்த வெளிச்சத்தில் மனைவி அவன் பின்னந்தலையைப் பார்த்தாள், ஊரே கிண்டல் செய்கிற இந்த மனிதனை. யாரையும் நோகடிக்கக் கூடாது என்று தன் கண்ணைக் கொடுக்கத் துணிந்திருக்கிறான். அடிக்க வேண்டும்போல இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. அவள் அவன் தலைமேல் கையை வைத்தாள்.

"எப்போ போனீங்க?" என்றாள். "தள்ளிப் போடக் கூடாதுன்னு டாக்டர் சொன்னது எப்போ?"

அவன் விரலால் ஸ்டியரிங்கைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"என்னங்க, எப்போ?"

தூரத்தில் ஒரு பைக் விளக்கு பங்க்குக்குள் திரும்பியது. டிரைவர் வந்துவிட்டார்.

போனில் அக்காவின் குரல் கேட்டது. அழுது முடித்த குரல். ஆனாலும் புரோக்கர் குரல்தான்.

"காலையில எத்தனை மணிக்கு வாசல்ல வண்டி நிக்கணும்?"

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏழு மணிக்கு, அண்ணி. நீங்க, நான், அவர். மூணு பேர். அவங்க ஒருத்தர்னு சொல்லட்டும், நாம ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுவோம். வர்றீங்கதானே?"

எடைமேடை ஆபீஸின் மேஜைமேல் கிளாஸ் கவிழ்கிற சத்தம் மட்டும் போனில் தெளிவாகக் கேட்டது.